பின் அச்சு வாங்கப் போகிறீர்களா? சுண்ணக்கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: என் பிக்கப்புக்கு 12 வயது. பின் அச்சு ஊளையிடுகிறது. காக்கி புக்கிட்டில் ஒரு கடையில் அதே மாடலிலிருந்து கழற்றிய அச்சு இருக்கிறதாம். வாங்கி மாட்டிவிடலாமா? (ஈசூன்)

முதலில், ஊளை எங்கிருந்து வருகிறது? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்றால் அச்சின் நடுவே உள்ள பல்சக்கரங்களான கிரவுன் வீலும் (பெரியது) பினியனும் (சிறியது) தேய்ந்திருக்கின்றன. வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். அதற்காக அச்சையே மாற்றுவது வீண் செலவு.

அச்சுதான் என்றால், 'அதே மாடல்' என்ற கடைக்காரர் பேச்சை நம்பாதீர்கள். ஒரே மாடலில் 3.9, 4.1, 4.3 என்று பல் விகிதம் மாறும். கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் 4.1. அச்சின் கூட்டைத் திறக்காமலே விகிதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பினியன் ஃபிளாஞ்சில் (ஓட்டுதண்டு வந்து மாட்டும் வட்டத் தட்டு) ஒரு சுண்ணக்கட்டிக் கோடு, அதற்கு நேரே கூட்டின்மேல் இன்னொரு கோடு போடுங்கள். ஒரு பக்கத்து பிரேக் டிரம்மை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஃபிளாஞ்ச் நான்கு சுற்றை எட்டாமல் நின்றால் 3.9, கொஞ்சம் தாண்டினால் 4.1, நாலேகாலையும் தாண்டினால் 4.3.

நான் ஒருமுறை அவசரத்தில் எண்ணாமல் வாங்கினேன். 4.1 இருந்த வண்டிக்கு 4.3 வந்து சேர்ந்தது. கியர்பாக்ஸின் சுழற்சியை வைத்து வேகத்தைக் காட்டும் மீட்டர் அது. உண்மையான 70-க்கு 73 காட்டியது. மறுபடியும் கழற்றினேன், அதுவும் சனிக்கிழமை மாலையில். உங்களுடையது நான்கு சக்கர இயக்கம் என்றால் இன்னும் மோசம்: முன்னும் பின்னும் விகிதம் ஒத்துப்போகாவிட்டால், காய்ந்த சாலையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: அச்சை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் பழைய யு போல்ட்டுகள் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. மீண்டும் போடலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

வேண்டாம். ஒருமுறை இறுகி நீண்ட போல்ட் அது. புதியதை வாங்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை.

கேள்வி: அச்சு மாற்றியதிலிருந்து, காலி வண்டியில் பிரேக் போட்டால் பின்சக்கரம் பூட்டி வழுக்குகிறது. மழை நாளில் ஓட்டவே பயமாக இருக்கிறது. (உட்லண்ட்ஸ்)

பயப்பட வேண்டியதுதான். சேஸிஸுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பாரம் ஏறி வண்டி தாழும்போது அந்தக் கம்பி ஒரு வால்வை நகர்த்தி, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் தரும். அச்சு மாற்றும்போது கம்பியின் நீளத்தைத் தவறாக வைத்தால், காலி வண்டியையும் பாரவண்டி என்று வால்வு எண்ணிக்கொள்ளும். இணைக்கச் சோம்பல்பட்டு, கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்ட வண்டியைக்கூடப் பார்த்திருக்கிறேன்! டிரம்மையும் திறந்து பாருங்கள். அச்சின் மூச்சுத்துளை அடைத்திருந்தால் சூட்டில் கியர் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வந்து பிரேக் ஷூவை நனைத்துவிடும்.

கேள்வி: அகலமான அச்சாகப் போட்டால் பரிசோதனையில் பிடிப்பார்களா? (பூன் லே)

அதே வகை அச்சு என்றால் அது பழுதுபார்ப்பு. அகலமோ பிரேக் அமைப்போ மாறுகிறதென்றால், சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்ட பிறகே ஸ்பேனரை எடுங்கள். 10 வயது தாண்டிய சரக்கு வண்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். மறைத்து ஓட்டலாம் என்ற கணக்கு அதற்குமேல் தாங்காது.