அந்த 42 படிவங்களை முதலில் வெளியே எடுங்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒன்பது வருடமாக சைக்காலஜி உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பகுதிநேர பிஎச்டியில் இது ஐந்தாவது வருடம். குமரிக் கடற்கரையில் தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர் வீட்டுப் பெண்களின் மன அழுத்தம்தான் தலைப்பு. 300 பேர் வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். ஜனவரி, பிப்ரவரியில் 258 பேரிடம் நானே போய் வாங்கினேன். மீதி 42 படிவத்தை, பிளஸ் டூ படிக்கும் அண்ணன் மகள், பாவம், இரண்டு ராத்திரி உட்கார்ந்து நிரப்பித் தந்தாள். என்னைப் பார்த்து அவளும் சைக்காலஜி படிக்கப் போகிறாளாம். மஸ்கட்டில் இருக்கும் கணவர், வேலையை விட்டுவிட்டு வா என்கிறார். மாமியாருக்கு நான் படிப்பதே பிடிக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் இரண்டு முறை எழுதித் தவறிவிட்டது. பிஎச்டியை முடிப்பதா, மஸ்கட் போவதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கத்துக்கு மஸ்கட்டும் மாமியாரும் கைடும். நடுவில் ஒரு வரியில் அண்ணன் மகளைச் சொல்லி, 'பாவம்' என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

கல்லூரியில் நீங்கள் ஆய்வுமுறைப் பாடமும் எடுப்பீர்கள். தரவை இட்டுக்கட்டினால் அதற்கு என்ன பெயர் என்று பிஎஸ்சி பிள்ளைகளுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கொடுப்பீர்கள். அந்த வேலையைப் பதினேழு வயதுப் பெண்ணிடம், அதுவும் பரீட்சை வருடத்தில், இரண்டு ராத்திரி செய்ய வைத்திருக்கிறீர்கள். அத்தை கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? வீட்டில் பெரியவர்களுக்குச் சின்னவர்கள் காட்டும் மரியாதை பெரிய சொத்து. அதைப் பொய்க்குச் செலவழித்தது தவறு. கைடு நெருக்கினார் என்று சொல்லாதீர்கள். அவர் எண்ணிக்கை கேட்டார், பேனாவை அந்தப் பிள்ளை கையில் கொடுத்தது நீங்கள்.

அவள் என்ன செய்திருப்பாள் என்று பார்ப்போம். பத்துக் கேள்வி கொண்ட உணரப்பட்ட மன அழுத்த அளவுகோலைப் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40. அதில் 4, 5, 7, 8 ஆகிய நான்கும் நேர்மறைக் கேள்விகள். மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 0-க்கு 4, 1-க்கு 3 என்று. தூக்கக் கலக்கத்தில் நிரப்புகிறவள் பதற்றம் பற்றிய கேள்விக்கு 3 போடுவாள், எல்லாம் நினைத்தபடி நடக்கிறதா என்ற கேள்விக்கும் 3 போடுவாள். திருப்பிக் கணக்கிட்டதும் இரண்டும் மோதும். அந்த 42 வரிசைகளுக்கு மட்டும் ஆல்பா (கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போட்டுப் பாருங்கள், 0.70-க்கு ரொம்பக் கீழே விழ வாய்ப்பு அதிகம். 0-வும் 4-ம் அபூர்வமாக இருக்கும், எல்லாம் 2, 3 என்று நடுவில் குவியும். விடுபட்ட கட்டம் ஒன்றுகூட இருக்காது. நிஜமான கடற்கரை வீட்டில் வாங்கிய படிவத்தில் மீன் குழம்புக் கறை இருக்கும், பாதியில் குழந்தை அழுது நின்றுபோன ஏழாம் கேள்வி இருக்கும்.

மாட்டிக்கொள்வீர்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாட்டாமலே போகலாம், அதுதான் இன்னும் மோசம். நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டேப்பல் என்ற சமூக உளவியல் பேராசிரியர் பள்ளிகளில் வாங்கியதாகச் சொல்லி, வாங்காத தரவைப் பல வருடம் தானே எழுதிவந்தார். 2011-இல் அவரிடம் இருந்த இளம் ஆய்வாளர்களே சந்தேகப்பட்டுச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. 58 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவர் தந்த தரவை நம்பி பிஎச்டி எழுதிய மாணவர்களின் உழைப்பும் கெட்டது. அடி கீழே இருந்தவர்கள் மேலும் விழுந்தது.

இதில் இன்னொரு வலியும் இருக்கிறது. அந்த 42 பேர் ஏன் கிடைக்கவில்லை? நீங்கள் கல்லூரி விட்டு வந்தோ விடுமுறை நாளிலோ உங்கள் வசதிக்குப் போயிருப்பீர்கள். மீன் விற்கப் போகிறவள் விடியும் முன் கிளம்பிச் சந்தை முடிந்துதான் திரும்புவாள். கணவன் வாரக்கணக்கில் கடலில் இருக்க, கடன்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்தி வைப்பவளும் உண்டு. உங்கள் தலைப்புக்கு முக்கியமானவர்களே அவர்கள்தாம். 2017 ஒக்கி புயலில் ஆண்களைப் பறிகொடுத்த ஊர்கள் அவை. அந்தப் பெண்களின் இடத்தில் கடன் என்றால் என்னவென்று தெரியாத ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பதில் எழுதியிருக்கிறாள்.

300 என்பது கல்லில் வெட்டிய எண்ணும் கிடையாது. 300 பேர் என்றால் சதவீதக் கணக்கில் பிழை எல்லை, அதாவது உண்மையிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 5.7. 258 பேர் என்றால் 6.1. அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை, அதற்காகவா இவ்வளவும்? தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் கைடிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. 42 படிவங்களைக் கிழிக்கவோ எரிக்கவோ வேண்டாம். தனி உறையில் போட்டு, மேலே 'பயன்படுத்தக்கூடாதவை' என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். கணினியில் பழைய கோப்பை அப்படியே விட்டு, நகல் எடுத்து, அதில் மட்டும் அந்த வரிசைகளை நீக்கி எல்லாப் பகுப்பாய்வையும் முதலிலிருந்து ஓட்டுங்கள். முடிவு மாறினால் மாறட்டும். நடந்ததைக் கைடிடம் நேரில் சொல்லி, அன்றைக்கே எழுத்திலும் கொடுங்கள். கோபப்படுவார், படட்டும். இந்தத் தரவில் ஏதாவது கட்டுரை அனுப்பியிருந்தால் ஆசிரியருக்கு எழுதித் திரும்பப் பெறுங்கள்.

மீதிப் பேரை நிஜமாகவே சேர்க்க வேண்டுமென்றால் மாதத்தைக் கவனியுங்கள். இந்த அளவுகோல் கடந்த ஒரு மாதத்தைப் பற்றித்தான் கேட்கிறது. நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வருமானம் இருக்காது, அழுத்தத்தின் முகமே வேறு. ஜனவரியில் வாங்கிய 258-உடன் ஜூலையில் வாங்கியதைக் கலந்தால் வேறொரு குழப்பம். அதே பருவத்தில் போங்கள், ஒவ்வொரு படிவத்திலும் தேதி எழுதுங்கள். முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள். அன்பியக் கூட்டம் (பங்கில் பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) முடிந்து பெண்கள் கலையும் நேரம், இல்லாவிட்டால் சந்தை முடிந்த மாலை நேரம் தோதாக இருக்கும். புத்தகத் தமிழில் கேள்வியை நீட்டாதீர்கள். அவர்கள் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும், அதனால் ஒரே மாதிரி வாசித்துச் சொல்ல உள்ளூர்ப் பேச்சில் ஒரு வடிவம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உடைந்து அழுதால் படிவத்தை மூடிவிடுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதி முன்கூட்டியே வைத்திருங்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உதவிப் பேராசிரியர் பணிக்கு 2023 ஜூலையிலிருந்து நெட், மாநில அளவிலான செட், ஸ்லெட் இவற்றில் ஒன்று இருந்தாலே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை. வேலைக்காகத்தான் இந்த ஓட்டம் என்றால் மூன்றாம் முறையும் நெட் எழுதுங்கள். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. இணைப் பேராசிரியராக வேண்டுமென்றால் பிஎச்டி வேண்டும். காலம் இருக்கிறது: பதிவிலிருந்து ஆறு வருடம், பெண்களுக்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு. மஸ்கட் போவதும் போகாததும் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. கணவன் மனைவி ஒரே வீட்டில் இருப்பதுதான் முறை என்று நினைக்கிறவள் நான். ஆனால் இந்தப் படிவங்களை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறுவதற்குக் குடும்பக் கடமை என்று பெயர் வைக்காதீர்கள். மாமியாரிடமும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். அண்ணனும் அண்ணியும் இருக்கும்போதே அந்தப் பிள்ளையிடம், நான் உன்னிடம் கேட்டது தப்பு, அந்தப் படிவங்களை எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பரீட்சை முடிந்ததும் ஒரு நாள் தூத்தூருக்கு அவளைக் கூட்டிப் போங்கள். சம்மதப் படிவத்தை ஒரு பெண்ணுக்கு எப்படி வாசித்துக் காட்டுகிறீர்கள், அவள் வேண்டாம் என்று சொன்னால் எப்படி எழுந்து வருகிறீர்கள் என்று பார்க்கட்டும். கேள்விகள் தொடங்கியதும் அவள் வெளியே திண்ணையில் உட்காரட்டும். அந்தப் பெண் சொல்லும் பதில் அவள் காதில் விழக்கூடாது.