வெறும் பேச்சில் பயம் தீருமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு வேலைக்குப் போகிறேன். சில மாதங்களாக எம்ஆர்டி ரயிலில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. காதிப் தாண்டி இயோ சூ காங் வருவதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இப்போது பேருந்தில்தான் போகிறேன். பலதுறை மருந்தகத்தில் இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, இது பீதித் தாக்குதல் என்றார் டாக்டர். உளவியலாளரைப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார். தேதி கிடைத்திருப்பது மூன்று மாதம் கழித்து. என் கணவரோ, "பேச்சு சிகிச்சையும் மாவு மாத்திரையும் ஒன்றுதான், ஆராய்ச்சியே சொல்கிறது" என்கிறார். நான் படித்ததில் பெரிய பலன் என்று போட்டிருக்கிறது. யார் சொல்வது சரி? தனியாரிடம் போனால் மணிக்கு இருநூறு வெள்ளிக்கு மேல். காத்திருக்கவா, கடன் வாங்கியாவது போகவா? மாமியார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டிருக்கிறார், அது வேறு. – பெயர் வேண்டாம், ஈசூன்.

பதில்: உங்கள் கணவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் எங்கோ உண்மையின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறார். ஆனால் "பலன் உண்டு", "பலன் இல்லை" என்று யார் சொன்னாலும், யாரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பேச்சு சிகிச்சையைச் சோதிக்கும்போது ஆட்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு உடனே சிகிச்சை. அடுத்த குழுவுக்கு என்ன தருவது? செலவில்லாத வழி, "உங்களுக்கும் உண்டு, மூன்று மாதம் பொறுங்கள்" என்று காத்திருப்போர் பட்டியலில் போடுவது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பிம் கைபர்ஸ் குழுவினர் 2016இல் 144 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சிபிடி என்கிற சிந்தனை, நடத்தை சிகிச்சை பற்றிய ஆய்வுகள் அவை. மனப்பதற்றம் சம்பந்தப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்தக் காத்திருப்போர் பட்டியலோடுதான் ஒப்பிட்டிருந்தன. கிடைத்த பலன் அளவு 0.8ஐ ஒட்டி. நீங்கள் படித்த "பெரிய பலன்" இதுவாகத்தான் இருக்கும்.

0.8 என்றால்? சிகிச்சை பெற்றவர்களில் நடுத்தரமாகத் தேறிய ஒருவர், காத்திருந்த நூறு பேரில் ஏறக்குறைய 79 பேரைவிட நன்றாக இருக்கிறார் என்று பொருள். சிகிச்சையால் எதுவுமே ஆகாவிட்டால் அந்த எண் 50ஆக இருக்கும்.

ஆனால் காத்திருப்பவர் சும்மா இருக்கும் ஆள் இல்லை. "அதான் டாக்டர் வரப்போகிறாரே" என்று தானாக எடுத்திருக்கக்கூடிய முயற்சியையும் தள்ளிப்போடுகிற ஆள். மனச்சோர்வு பற்றிய ஆய்வுகளை ஜப்பானின் ஃபுருகாவா குழுவினர் 2014இல் அலசியபோது, சிகிச்சையே தரப்படாத குழுவைவிடப் பட்டியலில் காத்திருந்த குழு மோசமாக இருந்தது தெரிந்தது. அது மனச்சோர்வைப் பற்றியது, பதற்றத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் எனக்கு அது உறைத்தது. எதிராளி தளர்ந்து நிற்கும்போது ஜெயித்தவர் பெரிய பயில்வானாகத் தெரிவார், அவ்வளவுதான்.

இப்போது கணவரின் மாவு மாத்திரைக்கு வருவோம். மருந்துப்போலி, அதாவது மருந்தே இல்லாத மாத்திரை, பெறும் குழுவில் இருப்பவரும் வாராவாரம் வருகிறார், ஒருவர் அக்கறையாக விசாரிக்கிறார், குணமாகும் என்ற நம்பிக்கை பிறக்கிறது. சில ஆய்வுகளில் மாத்திரைகூடக் கிடையாது. அதே அறை, அதே ஒரு மணி நேரம், எதிரே ஒருவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், ஆனால் பயத்தைக் கையாளும் பயிற்சி எதையும் சொல்லித்தர மாட்டார். இதனால் மட்டுமே பலருக்குக் கணிசமாகக் குறைகிறது. இவர்களோடு மோதும்போது சிபிடி என்ன ஆகிறது? 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பு 41 ஆய்வுகளை, 2,843 பேரைச் சேர்த்துப் பார்த்தது. அளவு 0.56க்கு இறங்கியது. மேலே சொன்ன கணக்கில் 79 என்பது 71 ஆகிறது. ஐம்பது அல்ல, கவனியுங்கள். ஆறுதலையும் நம்பிக்கையையும் கழித்துவிட்ட பிறகும் மிச்சம் இருக்கிறது. ஆகவே "இரண்டும் ஒன்றுதான்" என்பது தவறு.

ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்தத் தொகுப்பில், எந்நேரமும் எதையாவது நினைத்துக் கவலைப்படும் கோளாறுக்குப் பலன் பெரிதாக இருந்தது. உங்களுக்கு இருக்கும் பீதித் தாக்குதலுக்கு அது சிறியதிலிருந்து நடுத்தரம் வரைதான். இன்னொன்று, மாத்திரை விஷயத்தில் எது அசல் என்று டாக்டருக்கே தெரியாமல் வைக்கலாம். பேச்சில் அது நடக்காது. சிகிச்சை தருபவருக்குத் தான் தருவது எது என்று தெரியும். அதனால் இந்த எண்களைக்கூடச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிக் குறைத்த பிறகும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த அப்பாயின்மென்ட்டை விடமாட்டேன்.

கடன் வேண்டாம். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டி பீதிக் கோளாறுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேர சிபிடி போதும் என்கிறது. தனியாரிடம் போவதாக முடிவெடுத்தால் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை அமர்வு? பயப்படும் இடத்துக்கே போய்ப் பழகும் பயிற்சி உண்டா? "பேசிப் பார்ப்போம், போகப் போகத் தெரியும்" என்று பதில் வந்தால் இருநூறு வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும். மனப்பதற்றம் நாட்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் பலதுறை மருந்தகத்தில் உங்கள் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். மருந்து பற்றியும் அங்கேயே கேளுங்கள். அதுவும் உடனே வேலை செய்யாது, சில வாரம் ஆகும். யாராவது அப்பாயின்மென்ட்டை ரத்து செய்தால் எனக்குத் தாருங்கள் என்று பதிவு செய்யும் இடத்தில் சொல்லி வையுங்கள். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். நடுராத்திரியில் தாங்க முடியாமல் போனால் மனநல உதவி எண் 1771, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

ஆனால் மூன்று மாதத்தைக் காத்திருப்போர் பட்டியல்காரராகக் கழிக்காதீர்கள். பேருந்தில் போகிறீர்களே, அதுதான் இப்போது பயத்துக்குத் தீனி. ரயிலை விட்டு விலகியதும் படபடப்பு அடங்குகிறது. உடனே மூளை, "பார்த்தாயா, விலகியதால்தான் பிழைத்தாய்" என்று எழுதி வைத்துக்கொள்கிறது. உட்கார்ந்திருந்தாலும் அது தானாக அடங்கியிருக்கும் என்பதை அது கற்றுக்கொள்ளவே இல்லை.

கூட்டமில்லாத ஞாயிறு காலையில் தொடங்குங்கள். ஈசூனில் ஏறி காதிப்பில் இறங்குங்கள், ஒரே ஒரு நிறுத்தம். ஏறுமுன் ஒரு துண்டுத்தாளில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள்: "மயங்கி விழுவேன்." இறங்கியபின் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். "கை நடுங்கியது, வியர்த்தது, விழவில்லை." ஒரு நிறுத்தம் சலித்துப்போகும்வரை அதையே செய்யுங்கள். பிறகுதான் காதிப்பிலிருந்து இயோ சூ காங் வரையிலான அந்த நீண்ட ஓட்டம். படபடப்பு ஏறும்போது கண்ணை மூடுவது, கைப்பேசியில் புதைவது, கதவோரம் நிற்பது எல்லாம் ஒவ்வொன்றாகக் குறையட்டும். ஏறுமுன் கோப்பி ஓ வேண்டாம், கஃபீன் அதே படபடப்பைத் தானே கொண்டுவரும். உளவியலாளர் முதல் நாள் கேட்கப்போவது ஏறக்குறைய இதே குறிப்புகளைத்தான். கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று மாதத்தில் நெஞ்சுவலி புது மாதிரியாக வந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மாமியாரின் கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். கையில் கயிறோடு ரயிலேறினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கயிறு கட்டியாயிற்று, இனி ரயிலேற வேண்டியதில்லை என்றால்தான் சண்டை.

கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் ஞாயிறு அவர் பக்கத்தில் உட்காரலாம். அடுத்த ஞாயிறு அதே ரயிலில் வேறு பெட்டியில். மூன்றாவது ஞாயிறு அவர் வீட்டில் இருந்து தோசை ஊற்றட்டும்.