திரும்பும்போது படகு நின்றுவிடுகிறதே?

கேள்வி: லேசர் படகில் (ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு), 4 நாட் (மணிக்குச் சுமார் 7 கி.மீ.) காற்றில் எதிர்க்காற்றுப் பக்கம் திருப்பினால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நீரோட்டம்தான் காரணமா?

பதில்: ஓரளவுதான். காற்று போகும் திசையிலேயே 1 நாட் நீரோட்டம் ஓடினால், படகும் அதோடு இழுபடுவதால் பாய்க்கு 3 நாட் காற்றுதான் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சுக்கான்தான். வெடுக்கென்று தள்ளினால் அது பிரேக் போட்டுவிடும்.

முதலில் காற்றுத்திசையிலிருந்து சற்றே விலகி வேகம் சேருங்கள். டேகர்போர்டு (படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகை) முழுதும் இறங்கியிருக்கட்டும். படகைப் பாய்ப்பக்கம் லேசாகச் சாயவிட்டால் அதுவே காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கும். சுக்கானைக் கொஞ்சமாக, மெதுவாகத் திருப்பினால் போதும். முகப்பு காற்றைக் கடக்கும்போது உடலால் படகைக் காற்றுப்பக்கம் சாய்த்து, கடந்தபின் மறுபக்கம் மாறி, பாய்க்கயிற்றை ஒரு சாண் தளர்த்தியபடி நிமிர்த்துங்கள். அந்த நிமிர்த்தல்தான் பாயை வீசி வேகம் தரும். பலர் அவசரப்பட்டு இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நின்றேவிட்டால், பூமையும் (பாயின் அடியிலுள்ள கம்பம்) சுக்கான் பிடியையும் ஒரே பக்கம் தள்ளிப் பின்வாங்கவிடுங்கள். முகப்பு விலகியதும் இரண்டையும் இழுங்கள். எதிர் நீரோட்டத்தில் கரையோர ஆழமற்ற நீரே நல்லது. அங்கே இழுப்பு குறைவு.