எண்ணெய் மிதப்பது வேறு, கரையாதது வேறு

கேள்வி: உப்பு தண்ணீரில் கரைகிறது, நல்லெண்ணெய் ஏன் கரையவில்லை என்று தரம் 10இல் படிக்கும் மகள் கேட்டாள். எண்ணெய் பாரம் குறைந்தது, மிதக்கிறது, அதனால் கரையாது என்று சொன்னேன். ரியூசனில் ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எது சரி? சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையாது என்றும் படிப்பிக்கிறார்கள். அப்படியென்றால் எங்கள் கேத்திலுக்குள் படிகிற வெள்ளை எங்கிருந்து வருகிறது?
— ஒரு தகப்பன், கோண்டாவில்

பதில்: நீங்கள் மகளுக்குச் சொன்னது பிழை, ஐயா. ரியூசனில் சொன்னது பிழையில்லை, அரைகுறை.

பாரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு மில்லிலீற்றர் நல்லெண்ணெய் ஏறக்குறைய 0.92 கிராம். சாராயத்தில் வெறி ஏற்றுகிற எதனோல் வெறும் 0.79 கிராம். எண்ணெயைவிடப் பாரம் குறைந்த அந்தச் சாமான், எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீரோடு ஒன்றாகிவிடும். (பரிசோதிக்கிறேன் என்று வீட்டில் போத்தல் திறக்க வேண்டாம், என் சொல்லை நம்புங்கள்.) குளோரோபோம் தண்ணீரைவிடப் பாரம், கலக்காமல் அடியில் போய்க் கிடக்கும். கலக்காத இரண்டில் எது மேலே, எது கீழே என்பதோடு பாரத்தின் வேலை முடிந்தது.

மிச்சத்தைத் தண்ணீரின் மூலக்கூறிடம் கேட்க வேண்டும். ஓர் ஒட்சிசனும் இரண்டு ஐதரசனும், 104.5 பாகையில் வளைந்து நிற்கின்றன. இலத்திரன்களை ஒட்சிசன் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால் அங்கே கொஞ்சம் மறை ஏற்றம், ஐதரசன் பக்கம் கொஞ்சம் நேர் ஏற்றம். உப்புக் கல் விழுந்தால், ஒட்சிசன் பக்கங்கள் நேர் ஏற்றமுள்ள சோடியம் அயனையும் ஐதரசன் பக்கங்கள் மறை ஏற்றமுள்ள குளோரைட் அயனையும் சூழ்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகும். சீனியில் அயன் கிடையாது. ஆனால் தண்ணீர் பிடித்துக்கொள்ள அதன் உடம்பு முழுக்க ஒட்சிசன்–ஐதரசன் கொளுக்கிகள். ‘ஒத்தது’ என்று ரியூசனில் சொன்னது இதைத்தான். எண்ணெயின் நீண்ட காபன் சங்கிலியில் பிடிக்க ஒன்றுமில்லை. தண்ணீருக்கு எண்ணெயோடு கோபமொன்றும் இல்லை, தன் ஆட்களோடு கோத்திருக்கும் கையை அதற்காக விட மனமில்லை, அவ்வளவுதான்.

சரி, சுண்ணாம்புக்கல். அந்த ஒற்றை வரி தடுக்கி விழுகிற இடம் இது. அது கல்சியம் காபனேற்று. அதிலும் இருப்பவை அயன்கள்தான், உப்பைப் போல. ஆனால் உப்பில் ஒற்றை ஏற்றம், இதில் இரட்டை ஏற்றம். ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பவற்றைத் தண்ணீரால் இலேசில் பிரிக்க முடியாது. சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 36 கிராம் உப்புக் கரையும். கல்சியம் காபனேற்று ஒரு முழு லீற்றரிலும் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான். ஆக, ஏற்றம் இருந்தால் மட்டும் போதாது; தண்ணீரின் இழுப்பு உள்ளே இருக்கும் பிடியை வெல்ல வேண்டும்.

இது சுத்தமான தண்ணீரின் கணக்கு. உங்கள் கிணற்றுக்கு வருவது அதுவல்ல. மழைத்தண்ணீர் காற்றிலிருந்து கொஞ்சம், செம்பாட்டு மண்ணுக்குள்ளிருந்து இன்னும் கூடுதலாகக் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகத்தான் அடியில் உள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு இறங்குகிறது. அமிலம் பட்ட கல், கல்சியம் இருகாபனேற்றாக மாறிக் கரைந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ‘கரையாது’ என்று சொல்லும் இந்தக் கல் காலகாலமாகக் கரைந்து உண்டான குழிதான் புத்தூர் நிலாவரைக் கிணறு. குளிக்கும்போது சவர்க்காரம் ஒழுங்காக நுரைக்காமல் திரிதிரியாக நிற்பதும் இந்தக் கல்சியத்தால்தான்.

இனிக் கேத்தில். கொதிக்கக் கொதிக்கக் காபனீரொட்சைட்டு வாயு வெளியே போகிறது. வாயு போனால் இருகாபனேற்று நிலைக்காது. காபனேற்று திரும்பவும் கல்லாகி அடியில் படிகிறது. கிணற்றுச் சுவரில் நீங்கள் பார்க்கிற அதே கல், ஒரு சுற்றுப் போய் உங்கள் குசினிக்கு வந்திருக்கிறது. ஒரு பொருக்கைச் சுரண்டி, அதன்மேல் தேசிக்காய்ப் புளி விட்டு மகளுக்குக் காட்டுங்கள். சின்னச் சின்னக் குமிழாக எழும்பும்; கேத்திலில் இருந்து பறந்த அதே வாயுதான் அதிலும் வருகிறது. மிச்சப் புளியைக் கேத்திலுக்குள் விட்டு ஊற வையுங்கள், அதுவும் சுத்தமாகிவிடும்.