சப்பாத்து வேறு கதையல்ல

கேள்வி: எனக்கு வயது 41. நோர்வேயின் பேர்கன் நகரில் வசிக்கிறேன். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். மனவளர்ச்சி குன்றிய தம்பியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன். துரொண்ட்ஹைமில் வேலை செய்யும் ஒருவர் என்னைத் திருமணம் செய்ய விரும்பி, இரண்டு மாதமாக வீட்டுக்கு வந்துபோகிறார். தம்பியைப் பேர்கனிலேயே நகரசபையின் பராமரிப்பு வீடு ஒன்றில் சேர்த்துவிட்டு என்னைத் தன்னோடு வரச் சொல்கிறார். சித்தியிடமும் சிநேகிதிகளிடமும் யோசனை கேட்டுவிட்டேன். தம்பிக்கு விளங்காது என்பதால் அவனிடம் சொல்லவில்லை. இந்த நேரம் பார்த்து நோர்வே எழுத்தாளர் தார்யேய் வேசாஸின் ‘பறவைகள்’ நாவலை நூலகத்தில் எடுத்துப் படித்தேன், அன்றிலிருந்து தூக்கமில்லை. அதில் வரும் அக்கா ஹெகேயைப் போல நானும் என் தம்பியின் சாவுக்குக் காரணமாகிவிடுவேனா? (தம்பி ஒரு மாதமாகத் தன் சப்பாத்தை வாசலில் விடாமல் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறான். அதற்கும் தினமும் சண்டை. அது வேறு கதை.)

பதில்: சகோதரி, உங்கள் கடிதம் முழுவதும் உங்கள் துயரம் இருக்கிறது, உங்கள் தம்பி செய்வதைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரு வரிதான் இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். சப்பாத்து வேறு கதையல்ல. இரண்டு மாதமாக ஒருவர் வீட்டுக்கு வந்துபோகிறார், ஒரு மாதமாகத் தம்பி தன் சப்பாத்தை யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்துக்கொள்கிறார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? விட்டுவிட்டுப் போகாதே, நானும் புறப்படத் தயார் என்கிறாரா, என்னை இந்த வீட்டை விட்டு அனுப்ப முடியாது என்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் அவருக்கு விளங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குறைபாடுள்ள கூடப்பிறந்தவரைப் பராமரிக்கும் அக்காமாரும் தங்கைமாரும் எழுதும் கடிதங்கள் எனக்கு ஆண்டு முழுவதும் வருகின்றன. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமல் விடுவது அவற்றில் பெரும்பாலானவற்றில் உண்டு. “அவனுக்கு விளங்காது” என்ற சொல்லும் தவறாமல் இருக்கும். விளக்கிச் சொல்லும் சிரமத்திலிருந்து நம்மை விடுவித்துக்கொள்ளவே நாம் இதைச் சொல்லிக்கொள்கிறோம்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த நாவலுக்கு வருகிறேன். 1957இல் வெளிவந்த அந்த நாவலில் 37 வயது மத்திஸும் 40 வயது அக்கா ஹெகேயும் ஓர் ஏரிக்கரையில் தனியே வாழ்கிறார்கள். கம்பளிச் சட்டை பின்னி விற்று இருவருக்கும் சோறு போடுகிறவள் ஹெகே. மத்திஸ் கூலி வேலைக்குப் போனால், கிழங்குப் பாத்தியில் நாற்றுக் களையும்போதே எண்ணங்கள் குறுக்கிட்டுக் கை நின்றுவிடுகிறது. ஊர் அவனைப் புத்தி குறைந்தவன் என்கிறது. வாசகருக்கோ அந்த ஊரில் மற்ற எவரும் காணாததை அவன் காண்கிறான் என்பது முதல் சில பக்கங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

நீங்கள் அந்த நாவலை அதன் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்திருக்கிறீர்கள். ஹெகே மரம்வெட்டி யோர்கனை விரும்பினாள், மத்திஸ் ஏரியில் மூழ்கினான், ஆகவே காதல்தான் அவனைக் கொன்றது என்று கணக்குப் போட்டுவிட்டீர்கள். அந்தக் கணக்குத் தவறு. ஒரு காட்டுப் பறவை தங்கள் கூரைக்கு மேலாகப் பறந்துபோவதைக் கண்ட இரவில், உலகமே மாறிவிட்டதாக எண்ணி மத்திஸ் அக்காவை எழுப்பிச் சொல்கிறான். நாளெல்லாம் பின்னிக் களைத்த அக்கா அவனைப் போய்ப் படுக்கச் சொல்கிறாள். வீட்டருகே நிற்கும் இரண்டு பட்ட மரங்களுக்கு ஊரார் மத்திஸ் என்றும் ஹெகே என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். இடி அவற்றில் ஒன்றைப் பிளந்தபோது, விழுந்தது நானா அக்காவா என்ற கேள்வி அவனை விடாமல் வாட்டுகிறது, அதைத் தீர்த்துவைக்க யாருமில்லை. அவனுக்கு ஒரு பொழுதுபோக்காகட்டும் என்று ஹெகே அவனைப் படகோட்டியாக இருக்கச் சொல்கிறாள். அவன் அக்கரையிலிருந்து ஏற்றிவந்த ஒரே பயணி யோர்கன். தன் வீட்டுக்குள் புகுந்து அக்காவைக் கொண்டுபோகப் போகிறவனைத் தானே துடுப்புப் போட்டுக் கூட்டிவந்தவன் அவன். பட்ட மரத்திலும் பறவையிலும் தன் விதியைத் தேடுகிறவன், கடைசியில் உளுத்த அடிப்பலகையுள்ள படகில் ஏறிக் காற்றிடமும் தண்ணீரிடமும் தீர்ப்புக் கேட்கப் போகிறான். மனிதரிடமிருந்து பதில் கிடைக்காதவன் வேறு யாரிடம் கேட்பான்?

ஹெகே கொடியவள் அல்லள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பழிக்கும் சாக்கில் நீங்கள் உங்களையே பழித்துக்கொண்டு திருமணத்தைக் கைவிடப் பார்க்கிறீர்கள். நாற்பது வயதில் ஒருவனுக்குப் பிரியமானவளாக இருப்பது அவள் உரிமை. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு தம்பியைப் பார்த்துக்கொள்வதற்குத்தான், கன்னியாகவே இருப்பதற்கு அல்ல. பெற்றவர்களின் கடைசிச் சொல்லை அவர்கள் சொன்னதற்கு மேல் நீட்டி நம் கழுத்தில் மாட்டிக்கொள்வதை நான் கடமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அந்த நாவலை எழுதியவருக்கே இது தெரியும். வேசாஸ் 1897இல் தெலெமார்க் மாவட்டத்தின் வின்யே என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக வந்த பண்ணையில் மூத்த மகனாகப் பிறந்தார். மூத்த பிள்ளை பண்ணையை ஏற்பது அந்நாட்டில் வழக்கம் மட்டுமன்று, சட்டம் அளித்த உரிமையும் கூட. அவர் ஏற்க மறுத்தார். அந்த மறுப்பின் குற்ற உணர்வு அவரை வெகுகாலம் விடவில்லை என்பதற்கு அவருடைய எழுத்தே சாட்சி. 1934இல் அவர் வெளியிட்ட ‘பெரும் விளையாட்டு’ நாவலில், நீ காலமெல்லாம் இந்தப் பண்ணையில்தான் இருப்பாய் என்று தந்தை சொல்லக் கேட்டு வளரும் சிறுவன், முதலில் முரண்டு பிடித்துப் பின் அந்த மண்ணையே மனதார ஏற்கிறான். தாம் செய்யாததைத் தம் கதைநாயகனைச் செய்யவைத்தார். மத்திஸையும் தம்முடைய சுயசித்திரம் என்றே, சில விலக்குகளோடு, அவர் சொல்லியிருக்கிறார். பண்ணை வேலைக்கு உதவாமல் கனவு காணும் கைகளைப் பற்றி அவரை அவ்வளவு நெருக்கமாக எழுதவைத்தது அந்தப் பழைய உறுத்தல்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் மறுத்தவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ‘பெரும் விளையாட்டு’ வெளிவந்த அதே 1934இல் கவிஞர் ஹல்டிஸ் மோரனை மணந்துகொண்டு, பிறந்த பண்ணைக்கு அருகிலேயே மிட்பூ என்ற பண்ணையில் குடியேறினார். 1970இல் இறக்கும்வரை அதுவே அவருடைய வீடு. ஒரு கடமையைச் சுமக்க முடியாது என்று சொன்னவர், அந்தக் கடமைக்கு உரியவர்களின் கூப்பிடு தூரத்தை விட்டு விலகவில்லை.

துரொண்ட்ஹைம் கூப்பிடு தூரத்தில் இல்லை, சகோதரி. உங்களை விரும்புகிறவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாதது அந்த ஓர் இடம்தான். பராமரிப்பு வீடு பாவமல்ல. நோர்வேயில் மனவளர்ச்சி குன்றியோருக்கான பெரிய விடுதிகளை மூடி, அவர்களை ஊருக்குள் வாழவைக்கும் பொறுப்பை 1991இல் நகரசபைகளிடமே கொடுத்துவிட்டார்கள், அந்த உதவியைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தம்பி தன் சொந்த அறைச் சாவியோடு, தெரிந்த பேருந்திலும் தெரிந்த கடையிலும் நாளைக் கழிப்பது, அக்காவின் கண்காணிப்பில் ஒரு மூலையில் முதுமை அடைவதைவிட நல்லதாகவே அமையலாம். ஆனால் அவரை அங்கே வைத்துவிட்டு, ஒருநாள் பயணத் தொலைவுக்கு நீங்கள் போகக்கூடாது. திடமான கை கால்களோடு உலகில் எங்கும் பிழைக்கக்கூடிய அந்த மனிதர் பேர்கனுக்கு வேலை தேடி வரட்டும். உடனே முடியாதென்றால், தம்பி புதிய வீட்டில் வேரூன்றும்வரை காத்திருக்கட்டும். அதற்கு மனமில்லாதவரை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பியோடு சப்பாத்துச் சண்டையை இன்றோடு நிறுத்துங்கள். அது கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். சித்தியோ சிநேகிதியோ இல்லாத ஒரு மாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வந்துபோகிறவர் யார், அவர் எதற்காக வருகிறார், நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். “ஒன்றும் மாறாது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது பொய், அவருக்கு அது தெரியும். என்ன மாறும், என்ன மாறாது, எந்தெந்த நாளில் நீங்கள் வருவீர்கள் என்று சொல்லுங்கள். சப்பாத்தை ஏன் அங்கே வைக்கிறாய் என்று அதட்டாமல் கேளுங்கள். பதில் வர நாளாகலாம்; மறுபடி மறுபடி உட்காருங்கள். நகரசபைக்காரரைச் சந்திக்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள், அறையை அவரே பார்க்கட்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் கணக்கில் எடுங்கள். திருமணத் தேதியை அதற்குப் பிறகு குறிக்கலாம்.