மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபி (யூத மதகுரு) ஒருவர் மற்றப் பிரிவு யூதர்களையும் ஏற்க முடியுமா?

முடியும். எல்லா ரபிகளும் ஏற்பதில்லை என்பது வேறு விஷயம். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் டேவிட் ஹார்ட்மன் (1931–2013). நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஆர்த்தடாக்ஸ் பேரறிஞர் ஜோசப் சொலவெய்ச்சிக்கின் மாணவர். மான்ட்ரியலில் ரபியாக இருந்துவிட்டு 1971இல் இஸ்ரேலில் குடியேறினார். 1976இல் ஜெருசலேமில் தம் தந்தையின் பெயரில் ஷாலோம் ஹார்ட்மன் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஆர்த்தடாக்ஸ் பிரிவினரும், மரபில் ஓரளவு மாற்றத்தை ஏற்கும் கன்சர்வேட்டிவ் பிரிவினரும், அதைவிடத் தாராளமான சீர்திருத்தப் பிரிவினரும், மத நம்பிக்கையற்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்து தல்மூத் (யூத மதச் சட்டங்களும் விவாதங்களும் அடங்கிய பழைய தொகுப்பு நூல்) படிக்கிறார்கள்.

காலத்துக்கேற்ப மதத்தை நீர்த்துப்போகச் செய்தவர் என்று அவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் ஆதாரம் தேடியது தல்மூத்திலேயேதான். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு குருமரபினரும் மூன்று ஆண்டுகள் ஓயாமல் வாதாடினார்கள். கடைசியில் வானிலிருந்து ஒரு குரல்: "இரண்டுமே உயிருள்ள கடவுளின் வார்த்தைகள், ஆனால் சட்டம் ஹில்லேல் சொன்னபடி." காரணத்தையும் தல்மூத் சொல்கிறது. ஹில்லேல் தரப்பினர் சாந்தமானவர்கள். எதிர்த் தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதுவும் தங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன்பாகவே. மத விவாதங்களில் இப்படிச் செய்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இதை "எல்லா வழியும் ஒன்றுதான்" என்று புரிந்துகொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹார்ட்மன் அப்படிச் சொல்லவில்லை. தீர்ப்பு ஒரு பக்கம்தான் வந்தது. தோற்ற வாதமும் அழிக்கப்படாமல் இன்றுவரை படிக்கப்படுகிறது. அவர் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது பகுதியை. மனிதரோடு கடவுள் உடன்படிக்கை செய்துகொண்டார் என்றால், மனிதர் சிந்திக்கவும் வாதாடவும் அவர் இடம் விட்டிருக்கிறார் என்பதே ஹார்ட்மனின் அடிப்படை எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவது அவருக்குப் பக்தியாகத் தெரியவில்லை. அவருடைய மகள் தோவா ஹார்ட்மன், 2002இல் ஜெருசலேமில் பெண்களும் வழிபாட்டின் சில பகுதிகளை நடத்தும் ஓர் ஆர்த்தடாக்ஸ் சபையை உருவாக்கியவர்களில் ஒருவர்.

எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: வகுப்பறையில் செல்லுபடியான இந்தப் பன்மைப் பார்வை அரசின் சட்டத்தில் பாதிகூட ஏறவில்லை. சீர்திருத்த, கன்சர்வேட்டிவ் ரபிகள் இஸ்ரேலுக்குள்ளேயே யூத மதத்துக்கு மாற்றியவர்களுக்கும் குடியுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல்தான் தீர்ப்பளித்தது. யூதர்களின் திருமணமோ இன்னமும் ஆர்த்தடாக்ஸ் தலைமை ரபிகளின் கையில்தான். சீர்திருத்த ரபி ஒருவர் டெல் அவிவில் நடத்திவைக்கும் திருமணத்தை அரசு பதிவு செய்வதில்லை.