மழைக்காலம் வருமுன் மூச்சு, உறக்கம், கஷாயம்: நோய் எதிர்ப்பு பற்றிய கேள்வி பதில்

ஐப்பசி பிறக்கப் போகிறது. சளி, இருமல், காய்ச்சல் எல்லாம் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்க்கும் நேரம். இயற்கை மருத்துவமும் யோகாவும் அறிந்த மருத்துவரிடம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் இங்கே.

டாக்டர், எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதற்கென்றே ஏதாவது ஆசனம் இருக்கிறதா?

தனியாக ஒரு ஆசனம் கிடையாது. "கூட்டுவது" என்ற சொல்லையே கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். எதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கொதித்தால் அதுவே நோய். முடக்குவாதமும், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸும் அப்படி வருபவைதான். நமக்கு வேண்டியது, கிருமி வந்தால் உடனே எழுந்து, வேலை முடிந்ததும் அடங்குகிற எதிர்ப்பு.

யோகா இதில் எங்கே உதவுகிறது? வெள்ளை அணுக்கள் ஊர்ந்து போகிற நிணநீருக்கு இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. தசை சுருங்கி விரிவதும், மூச்சில் உதரவிதானம் ஏறி இறங்குவதும்தான் அதை முக்கியமாகத் தள்ளுகின்றன. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மேல் மார்பால் மட்டும் மூச்சு விடுகிறவருக்கு இந்த ஓட்டம் மந்தமாகிவிடும். இது ஒன்று. தீராத மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் தொடர்ந்து உயர்ந்தே இருந்தால் எதிர்ப்பு அணுக்கள் தடுமாறும். நீண்ட வெளிமூச்சு அந்தப் பதற்றத்தைத் தணிக்கும். இது இன்னொன்று. ஆசனத்தின் பெயரை விட, தினமும் செய்கிறீர்களா என்பதுதான் கணக்கு.

காலையில் எனக்குக் கிடைப்பதே 25 நிமிடம்தான் மேடம். அதற்குள் என்ன செய்யலாம்?

தாராளமாகப் போதும். வெறும் வயிற்றில் செய்யுங்கள். வெந்நீர் குடித்திருந்தால் பரவாயில்லை.

முதல் 5 நிமிடம் கழுத்து, தோள், இடுப்பு, கணுக்கால் மூட்டுகளைச் சுழற்றித் தளர்த்துங்கள். அடுத்த 8 நிமிடம் சூரிய நமஸ்காரம், 4 முதல் 6 சுற்று. 12 நிலைகளையும் மூச்சோடு சேர்த்து நிதானமாக. செய்து முடித்ததும் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பிறகு நாடி சுத்தி 5 நிமிடம்: இடது நாசியில் 4 எண்ணி இழுத்து வலதில் 6 எண்ணி விட்டு, வலதில் இழுத்து இடதில் விட வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே கும்பகம் போட்டுத் திணறுவதால்தான் பலர் ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அதன்பின் 3 நிமிடம் பிராமரி. உதடு மூடியிருக்கட்டும், உள்ளே பற்கள் ஒட்டாமல் இருக்கட்டும். "ம்ம்ம்" என்ற ஒலி தொண்டையில் கரகரக்கக் கூடாது. மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் விரல் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். அங்கே தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஊறுகிறது. சும்மா மூச்சு விடும்போது வெளிவருவதைப் போல 15 மடங்கு வரை, முனகும்போது மூக்கு வழியாக வெளிவருவதை 2002ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சைனஸ் அறைகளுக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

மீதி நேரம் சவாசனம். நேரம் போதவில்லை என்று இதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை வெளித்தள்ளும் கபாலபாதியை இடைவிடாமல் 300 அடிக்கிறேன். தலை சுற்றுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. நச்சு வெளியேறுகிறது என்கிறார்களே?

அது நச்சு இல்லை தம்பி. மூச்சை அளவுக்கு மேல் விரட்டியதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதனால்தான் சுற்றல். விரல் மரப்பும் இந்த வாயு குறைவதால்தான்.

நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் 30. பிறகு ஒரு நிமிடம் இயல்பான மூச்சு. இப்படி 3 சுற்று போதும். வயிறு மட்டும் உள்ளே போக வேண்டும். தோளும் முகமும் குலுங்கினால் தவறு. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதைத் தொடவே வேண்டாம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதி செய்தால் மூக்கு எரிகிறது. போன வாரம் காதும் அடைத்து வலித்தது. நிறுத்திவிடவா?

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், காது வலி போனபின் முறையை மாற்றிச் செய்யுங்கள். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தப்பாகச் செய்தால் உண்மையிலேயே ஆபத்து.

எரிச்சலுக்குக் காரணம் உப்பின் அளவு. நம் உடல் திரவத்தின் உப்பளவு லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டருக்கு 4.5 கிராம், அதாவது தூள் உப்பு முக்கால் தேக்கரண்டி, தலைதட்டி. குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். கல் உப்பானால் பொடித்துவிட்டு அளந்துகொள்ளுங்கள். கல்லாகவே அளந்தால் கரண்டிக்குக் கரண்டி எடை மாறும்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், கேன் தண்ணீர் எதையும் கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது. ஆர்.ஓ. தண்ணீரும் அப்படியே. மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்தில் உயிர்களைப் பறித்த நெக்லேரியா மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. அதே தண்ணீரைக் குடித்தால் அது வராது, மூக்கில் போனால் வரும். தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு தானாக ஆறட்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: சூடாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். கொதிக்க வைத்ததெல்லாம் அந்த நொடியே வீண். முந்தின இரவே காய்ச்சி மூடி வைத்துவிட்டு, காலையில் அதையே லேசாகச் சூடு செய்யுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சூடோ குளிர்ச்சியோ தெரியக் கூடாது. நேதிக் குவளையையும் கொதித்த நீரில் அலசிக் காய வையுங்கள்.

வாஷ்பேசின் மேல் இடுப்பிலிருந்து குனிந்து, தலையை ஒரு பக்கம் சாயுங்கள். நெற்றியும் தாடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும். வாயைத் திறந்து வாயால் மட்டும் மூச்சு. மேல் நாசியில் மூக்குக் குழலை வைத்தால் சில நொடியில் கீழ் நாசி வழியாகத் தண்ணீர் மெல்லிய கோடாக இறங்கும். தொண்டைக்குப் போனால் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

உங்கள் காது வலிக்குக் காரணம் அநேகமாகக் கடைசிப் படி. ஒரு நாசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால், நீர் தொண்டையிலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாயில் ஏறிவிடும். இரண்டு நாசியையும் திறந்தே வைத்து, குனிந்தபடி தலையை இடம், வலம், நடு என்று திருப்பி, ஒவ்வொரு பக்கமும் பத்து முறை மென்மையாக ஊதி விடுங்கள். காது வலி முழுசாகப் போகும்வரை நேதி வேண்டாம். போகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். நலமாக இருக்கும்போது வாரம் 2, 3 முறை போதும். மூக்கு முழுசாக அடைத்திருக்கும் நாளில் செய்யாதீர்கள்.

கபசுர குடிநீரை 2020ல் ஆரம்பித்தோம். இன்னும் வாரம் தவறாமல் குடும்பமே குடிக்கிறோம். சரிதானா?

சரியில்லை அம்மா. 2012ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020ல் கொரோனாவின்போது கபசுர குடிநீரையும் அரசே கொடுத்ததால், இரண்டும் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டன. அவை மருந்து. கபசுரத்தில் 15 சரக்கு இருக்கிறது. சுக்கு, திப்பிலி, அக்கரகாரம் காரம். நாள்கணக்கில் குடித்தால் வயிறு எரியும், புண் உள்ளவருக்குப் பெருகும். நிலவேம்பு சர்க்கரையை இறக்கும். நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். கபசுரத்தில் சேரும் சீந்தில் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

காய்ச்சல் பரவும் நாட்களில், சித்த மருத்துவர் பார்த்துச் சொன்னால், 5 முதல் 7 நாள். 5 கிராம் சூரணத்தை 240 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் 60 மில்லியாகச் சுண்ட வைத்து, வடிகட்டி, 3 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலைக்கு எடுத்து வைக்கக் கூடாது. சூரணம் ரவை மாதிரி கொரகொரப்பாக இருக்க வேண்டும். மாவாக அரைத்ததை வாங்கினால் வடிகட்ட முடியாமல் சகதியாகிவிடும், அடியும் பிடிக்கும்.

அம்மாவுக்கு முடக்குவாதம், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார். அமுக்கரா, சீந்தில் கொடுத்தால் சக்தி வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டையே தாக்குவதை அடக்கத்தான் அந்த மாத்திரை. ஒரு கையால் அடக்கி மறுகையால் தூண்டுவது எப்படிச் சரியாகும்? மெத்தோட்ரெக்ஸேட்டே ஈரலுக்குச் சுமை. சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்திருக்கிறார்கள். அமுக்கராவாலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. அது தைராய்டு அளவையும் ஏற்றும். உங்கள் அம்மாவுக்கு நாடி சுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் மூட்டுப் பயிற்சி, நல்ல உறக்கம் போதும். பக்கத்து வீட்டார் அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனாலும் வேண்டாம்.

நெல்லிக்காயா, வைட்டமின் சி மாத்திரையா?

நெல்லிக்காய். பெரிய நெல்லி ஒன்று தின்றால் அன்றைய தேவை முடிந்தது; ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்லும் அளவு. கொய்யாவும் ஆகும். வைட்டமின் சி தினமும் எடுத்தாலும் பொதுவாகச் சளி பிடிப்பது நிற்பதில்லை, சளி நீடிக்கும் காலம்தான் சற்றுக் குறைகிறது. 1000 மில்லிகிராம் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகக் கல்லுக்கு வழி.

தினமும் மஞ்சள் பால் குடிக்கிறோம். எவ்வளவு மஞ்சள் போட வேண்டும்?

ஒரு டம்ளருக்குக் கால் தேக்கரண்டி, கூடவே தட்டிய மிளகு இரண்டு சிட்டிகை. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாகப் போனால் குடல் ஏற்காது, ஏற்றதையும் ஈரல் சீக்கிரம் கழித்துவிடும். மிளகின் பைப்பரின் அதைத் தாமதப்படுத்துகிறது, பாலின் கொழுப்பு கரைக்கிறது. பாட்டிமார்கள் மூன்றையும் சேர்த்தே கொடுத்தார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத் தூளை வாங்காதீர்கள், ஈய குரோமேட் கலப்படம் இருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் குழம்பில் போடுகிற அளவோடு நிறுத்துங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் பழச்சாறு மட்டும் குடித்து விரதம் இருக்கிறேன். உடல் லேசாக இருக்கிறது, ஆனால் அடிக்கடி சளி பிடிக்கிறது.

உங்கள் தட்டில் புரதம் எங்கே என்று பாருங்கள். கிருமியோடு மோதும் ஆன்டிபாடி ஒவ்வொன்றும் புரதம். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு. 60 கிலோ எடையென்றால் நாளைக்கு 50 கிராம். இரண்டு இட்லியில் 4 கிராம்தான் தேறும். ஒரு கிண்ணம் சுண்டல் 10, ஒரு முட்டை 6, ஒரு டம்ளர் பால் 6. காலை இட்லி, மதியம் சாம்பார் சோறு, இரவு தோசை என்று போனால் 30ஐத் தாண்டுவதே சிரமம். அதிலும் இரண்டு நாள் சாறு மட்டும் என்றால் உடல் சொந்தத் தசையைக் கரைக்கும். விரதத்தை இரவு உணவை 7 மணிக்குள் முடிப்பதாக மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு கிண்ணம் பயறு கட்டாயம்.

இரவு ஷிப்ட். பகலில் 5 மணி நேரம்தான் தூங்குகிறேன். படுத்தபடி விழிப்போடு ஓய்வெடுக்கும் யோக நித்திரை ஈடு கட்டுமா?

கட்டாது. அது ஓய்வு தரும், உறக்கத்தின் வேலையைச் செய்யாது. அமெரிக்காவில் 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களை விட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் மேல். 2015ல் வெளியான ஆய்வு இது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் சொன்ன எல்லாக் கஷாயத்தையும் விட உறக்கமே முதல் மருந்து.

வேலை முடிந்து வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள்; காலை வெளிச்சம் பட்டால் மூளை விழித்துக்கொள்ளும். ஜன்னலுக்குக் கனமான திரை. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே காபியை நிறுத்துங்கள். விடுமுறை நாளிலும் வழக்கமான உறக்க நேரத்தில் 4 மணி நேரமாவது மாறாமல் இருக்கட்டும். 20 நிமிட யோக நித்திரையை ஷிப்ட் தொடங்கும் முன் வைத்துக்கொள்ளலாம்.

காலை 7 மணி வெயிலில் நின்றால் வைட்டமின் டி வருமா?

மிகக் கொஞ்சம். அந்த வெயில் உடல் கடிகாரத்துக்கு நல்லது, வைட்டமின் டிக்குப் பத்தாது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக விழும் நேரம்தான் சரி. கை, கால் திறந்திருக்க 20 நிமிடம், வாரம் மூன்று நாள். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்தால் பயனில்லை, அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது.

8 மாதக் குழந்தைக்குச் சளி. தேனில் துளசிச் சாறு, ஆவி பிடித்தல்?

இரண்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுத் தேனும் கூடாது, தசைகளைச் செயலிழக்க வைக்கும் பாட்டுலிசம் என்ற நோய் வரலாம். ஆவிப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் ஏராளம். தாய்ப்பால் தொடரட்டும், மூக்கில் மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு விடுங்கள். மூச்சு வேகமாகி விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனை.

காய்ச்சலோடு யோகா செய்யலாமா?

மூக்கு ஒழுகல், தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் மென்மையான மூச்சுப் பயிற்சி செய்யலாம். காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி இருந்தால் படுத்து ஓய்வெடுங்கள். எண்ணெய்க் குளியலும் வேண்டாம். டெங்குவாக இருக்கலாம் என்று தெளிவாகும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் தொடாதீர்கள், பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்ட மறுநாள் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் தாமதிக்காதீர்கள். டெங்குவில் ஆபத்தே காய்ச்சல் இறங்கும்போதுதான்.

பத்து வருடமாக யோகா செய்கிறேன், வயது 66. ஃப்ளூ தடுப்பூசி எனக்கும் தேவையா?

தேவை ஐயா. யோகா உடலைத் தயார் செய்யும், எந்தக் கிருமி என்று அடையாளம் காட்டிக் கொடுப்பது ஊசி. போட்டபின் பலன் வர இரண்டு வாரம் ஆகும், அதனால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போட்டுவிடுங்கள். அன்றும் முந்தின இரவும் நன்றாகத் தூங்குங்கள். போட்ட கையில் அன்று மட்டும் எடை தாங்கும் ஆசனம் வேண்டாம்.